அப்பாவின் உள்ளங்கை

'இணைப்புத் திசு' என்றதும் நம் எல்லோருக்கும் அறிவியல் புத்தகத்தில் உள்ள படம்தான் ஞாபகம் வரும். எனக்கு அப்பாவின் வலது கை ஞாபகம் வருகிறது.

அப்பாவுக்குக் கல் குவாரியில் வேலை. பாறையில் துளை போடும் மெஷினைப் பதினெட்டு வருஷமாகப் பிடிக்கிறார். மார்கழி மாதக் காலையில் அவர் விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போகும். டீ டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. "பனிதான், வேற ஒண்ணுமில்ல" என்பார். பாட்டி "வாய்வுப் பிடிப்பு" என்று தைலம் தேய்ப்பார். போன வருஷம் மோதிர விரல் உள்பக்கம் மடங்கியது. இழுத்தாலும் நிமிரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கையை மேஜைமேல தட்டையா வைங்க" என்றார். அப்பாவால் முடியவில்லை. "எலும்புல கோளாறு இல்ல. உள்ளங்கைத் தோலுக்கு அடியில இருக்கிற இணைப்புத் திசு தடிச்சு, கயிறு மாதிரி விரலை இழுக்குது" என்றார். இதற்கு 'டுபுய்ட்ரன் சுருக்கம்' என்று பெயர். பரம்பரையாகவும் வரலாம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வரலாம். பல வருஷம் அதிரும் மெஷினைப் பிடிப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தில் 2019-ல் இதைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள்.

விரல் வெளுப்பதற்குக் காரணம் வேறு. அதிர்வு விரலிலுள்ள சிறிய ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டிய தொழிலாளர்களிடம் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் 1918-லேயே இதை ஆராய்ந்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயம், எங்கள் வீட்டுக்குப் போன வருஷம்தான் வந்து சேர்ந்தது!

இப்போது அண்ணனும் அதே குவாரிக்குப் போகப் போகிறான். வீட்டு நிலைமையில் 'போகாதே' என்று சொல்ல முடியவில்லை. அதனால் டாக்டர் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழ்தி அவன் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்: மெஷினை ரொம்ப இறுக்கிப் பிடிக்காதே. மழுங்கிய முனையை உடனே மாற்று. இடையிடையே கைமாற்றி ஓய்வு எடு. கையைக் குளிரவிடாதே. பீடி, சிகரெட் வேண்டாம்.

நண்பர்களே! கல் உடைப்பவர், ரோடு உடைப்பவர், கிரைண்டிங் மெஷின் பிடிப்பவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். விரல் வெளுக்க ஆரம்பிக்கும்போதே அதிர்வைக் குறைத்தால் குணமாக வாய்ப்பு உண்டு. அதனால் இன்று சாயங்காலம் அவர்களிடம், "கையைக் கொஞ்சம் விரிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி