கடன் நோட்டில் காரணம் எழுதும் கட்டம்

கம்பம் பள்ளத்தாக்கில் பெண்கள் குழுக் கூட்டம் போட நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஜீப்பு திரும்பும் நேரம். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு என்று மூன்று பாதைகளிலும் அதிகாலையிலேயே ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகிறவர்கள் பொழுது சாயத்தான் இறங்குகிறார்கள். உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, எட்டு மணிக்கு மேல்தான் கோயில் திண்ணைக்கு வந்து உட்கார முடியும். பகல் பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தாலும் பெண்கள் வருவார்கள். ஆனால் மலைக்குப் போகிறவர்கள் அதில் இருக்க மாட்டார்கள்.

நான் இந்த ஊர்களில் களப்பணி செய்பவள். பெண்களுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனம் என்றதும் தையல் மெஷினும் விழிப்புணர்வு முகாமும் மகளிர் தின விழாவும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. எங்கள் வேலையில் பெரும்பகுதி நோட்டுப் பார்ப்பது. சந்தா நோட்டு, கடன் நோட்டு, தீர்மான நோட்டு. மகளிர் திட்டத்துக்கு முன்னோடியாக 1989இல் தர்மபுரியில் குழுக்கள் தொடங்கின. 1990இல் மதுரை அழகர்கோவில் பக்கம் களஞ்சியம் குழுக்கள் முளைத்தன. அன்றிலிருந்து இந்த நோட்டுகளின் வடிவம் பெரிதாக மாறவில்லை. பன்னிரண்டு முதல் இருபது பேர், மாதச் சந்தா, சேர்ந்த பணத்திலிருந்து உள்கடன்.

கடன் நோட்டில் பெயர், தொகை, தவணைக்குப் பக்கத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. இந்தத் தொழிலில் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

“என்னன்னு எழுத?” என்று குழுவின் ஊக்குநர் கேட்பார். “ஆடு வாங்கன்னு எழுதுங்கக்கா” என்று பதில் வரும். அடுத்த மாதம் அந்த வீட்டுப் பக்கம் போனால் ஆடு இருக்காது. அண்ணன் மகள் சடங்குக்கு அத்தை சீர் செய்திருப்பாள். பித்தளைக் குடமும் பட்டுச் சேலையும் மேளத்தோடு ஊர்வலம் போயிருக்கும். குழுவில் எல்லாருக்கும் அது தெரியும். வட்டிக்கடைக்குப் போகாமல் செய்முறையை முடித்தாளே என்ற நிம்மதியில் யாரும் கேட்க மாட்டார்கள். நானும் அந்த இடத்தில் கேட்பதில்லை. ஒரு வருஷத்து நோட்டைச் சேர்த்து வைத்து, சீருக்கு எவ்வளவு போனது என்று அவர்களையே கூட்டச் சொல்வேன். தொகை வந்ததும் பேச்சு தானாக வரும்.

ஒருமுறை உத்தமபாளையம் பக்கத்துக் குழுவில் ஒருத்தி சின்னத் தொகை கேட்டாள். காரணம், பத்திர ஆபீஸ் போகணும்.

“எதுக்குத்தா?”

“அண்ணன் கையெழுத்துப் போடக் கூப்பிடுறாக.”

பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நஞ்சை, தாத்தா காலத்து நிலம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்பே திருமணமானவர்களுக்குப் பொருந்தாது என்ற நிபந்தனை அதில் இருந்தது. 2005இல் வந்த மத்திய அரசின் திருத்தம் அதையும் நீக்கியது. அப்பா முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இதையெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பங்கு கேட்டா அண்ணன் வாசப்படி ஏற முடியுமா? நாளைக்கு எம்மகளுக்குத் தாய்மாமன் சீர் யாரு கொண்டாருவா?” என்றாள்.

இதை அறியாமை என்று எழுதும் அறிக்கைகள் மேல் எனக்குக் கோபம் உண்டு. புருஷன் வீட்டில் நிலைமை கெட்டால் அவளுக்குப் போக இருக்கும் ஒரே கதவு அண்ணன் வீடு. அந்தக் கதவுக்கு அவள் கொடுக்கும் விலைதான் அந்தக் கையெழுத்து. வழக்குப் போடு என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறிவிடுவேன். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் தனியாக நிற்கப்போகிறவள் அவள்.

திண்ணையில் இருந்த வயதான அம்மா ஒருவர், தானும் அப்படிக் கையெழுத்துப் போட்டதையும், பிறகு அண்ணன் மகன் காலத்தில் அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணிக்குக்கூட உரிமை இல்லாமல் போனதையும் சொன்னார். என் சட்டப் பேச்சு செய்யாததை அது செய்தது. அன்றைக்கு முடிவானது இவ்வளவுதான்: கூப்பிட்ட நாளில் போக வேண்டாம்; பத்திர நகலை முதலில் வாங்கிப் படிக்க வேண்டும்; வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும்; ஒரு வாரம் டைம் கேட்க வேண்டும். அந்த ஒரு வாரத்தில் குழுவில் இருவர் அவளோடு அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். கடைசியில் நஞ்சைக்கு அவள் கையெழுத்துப் போட்டாள். ஊருக்குள் இரண்டு சென்ட் மனை, தானசெட்டில்மெண்டாக அவள் பெயருக்கு வந்தது. சட்டம் கொடுக்கும் பங்கோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு, இதை வெற்றியாகக் காட்டக் கூடாது என்று எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. இரண்டு சென்ட்டில் ஒரு குச்சு வீடாவது கட்டலாம், அவளை யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாது. எனக்கு அது பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. 1986இல் ‘இந்தியா டுடே’ அங்கே நடந்த பெண் சிசுக்கொலையை எழுதிய பிறகு நாடே இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனிக்கும் வந்தது. அந்தக் கொடுமைக்குப் பின்னால் இருந்த கணக்கை நான் இன்றும் கடன் நோட்டில் பார்க்கிறேன். பிறந்ததிலிருந்து மகள் செலவுப் பக்கத்தில் ஏறிக்கொண்டே இருக்கிறாள்: காதுகுத்து, சடங்கு, நகை, தலைத்தீபாவளி. வரவுப் பக்கத்தில் அவள் பெயருக்கு நிலம் ஏறாதவரை இந்தக் கணக்கு மாறாது.

‘காரணம்’ கட்டத்தில் அடிக்கடி வரும் இன்னொரு சொல், வைத்தியச் செலவு. வருசநாட்டுப் பக்கம் கடமலைக் களஞ்சிய வட்டார சங்கத்துப் பெண்கள் இதற்கு 2000ஆம் ஆண்டிலேயே ஒரு வழி செய்தார்கள். தங்களுக்குள் ஆண்டுதோறும் பிரீமியம் வசூலித்து, உறுப்பினர் குடும்பங்களுக்கு மருத்துவக் காப்பீட்டைத் தாங்களே நடத்தினார்கள். மயிலாடும்பாறை ஒன்றியம் மானாவாரிக் காடு, மழை பொய்த்தால் கையில் காசு இருக்காது. அங்கே விவசாயக் கூலிப் பெண்கள் காப்பீட்டுக் கணக்கு பார்த்தார்கள். புதிதாக வருகிற களப்பணியாளர்களுக்கு நான் இதைத் தவறாமல் சொல்கிறேன்.

கூலி விஷயத்தில் எங்களால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் கவாத்தும் மருந்தடிப்பும் ஆண் வேலை, கொத்து அறுப்பதும் தரம் பிரிப்பதும் பெண் வேலை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். சம வேலைக்குச் சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. வேலையையே பிரித்துவிட்டால் சட்டத்துக்குப் பிடி கிடைப்பதில்லை. இரண்டு மூன்று பெண்கள் இப்போது கவாத்து பழகுகிறார்கள். கத்திரி பிடிக்கத் தெரிந்தபின் எந்தக் கூலி கொடுப்பார்கள் என்று பார்க்க வேண்டும்.

சொத்து விஷயத்துக்குத் திரும்பினால், 2025 ஏப்ரலிலிருந்து, 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இதைக் கேள்விப்பட்டு ஒரு கூட்டத்துக்குக் கணவர்கள் இருவர் வந்து திண்ணை ஓரத்தில் உட்கார்ந்தார்கள். சந்தா வசூல் முடியும்வரை அவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஊக்குநரே விளக்கினார். பெண் பெயரில் பதிந்த இடத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அவள் கையெழுத்து வேண்டும் என்று சொன்னதும் ஒருவர், “கட்டணம் குறையும்னுதானே வந்தோம்” என்று எழுந்து போய்விட்டார். மற்றவர் மூலப்பத்திரத்தின் நகலை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். மனைவி அதை உரக்கப் படித்தார். நான்கு எல்லையையும் படித்துவிட்டு, “வடக்கால ஓடை போகுது, இதுல எழுதலையே” என்று கேட்டார். அளந்து பார்க்காமல் பதியக் கூடாது என்று தீர்மான நோட்டில் எழுதினோம்.