டவர் லைன் வேலை

திருப்பூரின் நிட்டிங் மெஷின்களும் சாயப்பட்டறைகளும் ஓடத் தேவைப்படும் மின்சாரத்தில் பெரும்பகுதி தொலைவிலிருந்து வருவது. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியபோது கோவை வட்டார ஆலைகளுக்கு நீலகிரி மலையிலிருந்து கம்பி இறங்கியது. இன்று கொங்கு நாட்டுக்குச் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து ±800 கே.வி. நேர்மின்னோட்டப் பாதை வருகிறது. புகளூர் முனையம் வரை 6,000 மெகாவாட் சுமக்கும் திறன் அதற்கு உண்டு. பாலக்காட்டுக் கணவாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றில் சுழலும் காற்றாலைகளின் மின்சாரமும் இந்த வட்டாரத்துப் பாதைகளில்தான் ஏறுகிறது. அவிநாசிபாளையம் நால்ரோட்டிலிருந்து பொங்கலூர், காங்கயம், தாராபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு டவர் லைன் சாலையைக் குறுக்கே கடக்கும்.

அழுத்தத்தை இவ்வளவு உயர்த்துவதற்குக் காரணம் எளிய கணக்கு. கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரம், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 100 மெகாவாட்டை 110 கே.வி.யில் அனுப்ப 525 ஆம்பியர் வேண்டும், 400 கே.வி.யில் 144 ஆம்பியர் போதும். கம்பி ஒன்றேயானால் இழப்பு பதின்மூன்றில் ஒரு பங்காகிவிடும். அழுத்தம் ஏற ஏறக் கம்பியும் பருக்கிறது. எஃகு இழைகளை நடுவில் வைத்து அலுமினிய இழைகளைச் சுற்றி முறுக்கிய இந்தக் கம்பிகளுக்கு விலங்குப் பெயர்கள்: 110-க்குப் பாந்தர், 230-க்கு ஜீப்ரா, 400-க்கு மூஸ். மூஸ் கம்பி ஒரு மீட்டருக்கு இரண்டு கிலோ எடை.

மாநிலத்துக்குள் உள்ள பாதைகள் பெரும்பாலும் தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகத்துடையவை. 1957-ல் தொடங்கிய மின்வாரியம் 2010 நவம்பர் 1 அன்று பிரிக்கப்பட்டபோது உருவான நிறுவனம் அது. மாநிலங்களை இணைக்கும் பாதைகள் பெரும்பாலும் மத்திய அரசின் பவர்கிரிட் நிறுவனத்திடம் இருக்கின்றன. இரண்டுமே கட்டும் வேலையை டெண்டர் விட்டு ஒப்பந்ததாரரிடம் கொடுக்கின்றன. பெரிய ஒப்பந்ததாரர் அடித்தளம், கோபுரம், கம்பி என்று பிரித்து அடுத்த கைக்குத் தருவார். அங்கிருந்து வேலை கேங் மேஸ்திரிக்குப் போகும். இதற்கு வெளியே, திருப்பூர்ப் பக்கம் நிறைய நடக்கும் இன்னொரு வகை உண்டு. புதிய பனியன் கம்பெனி கட்டுபவர், தன் இடத்தின் மேல் போகும் கம்பியை நகர்த்தவோ தனக்கென்று எச்.டி. என்னும் உயர் அழுத்த இணைப்பு இழுக்கவோ வாரியத்தில் பணம் கட்டிச் செய்யும் வேலை அது. அதை 'டி.சி.டபிள்யூ.' (டெபாசிட் கான்ட்ரிபியூஷன் ஒர்க்) என்றால் உள்ளூர் ஒப்பந்ததாரர் எவருக்கும் புரியும்.

வேலை சர்வேயில் தொடங்குகிறது. தகராறும் அங்கேயே தொடங்குகிறது. 110 கே.வி. பாதைக்கு 22 மீட்டர், 400 கே.வி.க்கு 46 மீட்டர் அகல வழித்தடம் வேண்டும். நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை, பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும். மின்சாரச் சட்டம் 2003-ன் 164-ம் பிரிவு, 1885-ம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தைப் பாதை அமைப்பவருக்குத் தர இடமளிக்கிறது. வழித்தடத்துக்குள் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, நிலத்தை விற்கப் போனால் கேட்கும் விலையும் கிடைக்காது. 2015-ல் மத்திய மின் அமைச்சகம் கோபுர அடிக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், வழித்தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் இழப்பீடாக வகுத்தது. 2018 டிசம்பரில் திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட மேற்கு மாவட்டங்களில் விவசாயிகள் உண்ணாவிரதமும் காத்திருப்புப் போராட்டமும் நடத்தினார்கள். சாலையோரமாகப் புதைவடம் போடுங்கள் என்பது அவர்களுடைய முதன்மைக் கோரிக்கை. புகளூரிலிருந்து திருச்சூர் போகும் ±320 கே.வி. பாதையில் கேரளத்துப் பகுதி ஒன்றில் அப்படிச் செய்யப்பட்டதை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். ±320-க்கு வடம் உண்டு. தரைக்கு மேல் போகும் ±800-க்கும், நெடுந்தொலைவு ஓடும் 400 கே.வி. மாறுமின்னோட்டத்துக்கும் அதே வழி எளிதில் பொருந்தாது. ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமானது. பாதை அமைப்பவர் நுட்பக் காரணத்தைக் காட்டில் வந்து உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். காவலர் துணையோடு அளவுகோலை நீட்டியது தவறு. 2024 ஜூனில் இழப்பீட்டு வழிகாட்டுதல் கோபுர அடிக்கு 200 சதவீதம், வழித்தடத்துக்கு 30 சதவீதம் என்று உயர்ந்தது. முன்பே கம்பி இழுத்துவிட்ட தோட்டங்களுக்கு அது காலம் கடந்த கணக்கு.

அடித்தள வேலையைப் பார்க்க யாரும் நிற்பதில்லை. கோபுரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான். நான்கு காலுக்கு நான்கு குழி. செம்மண்ணும் சரளையும் தாண்டியதும் பல இடங்களில் பாறை தட்டும். பக்கத்தில் கிணறோ வீடோ இருந்தால் வெடி வைக்க முடியாது, பிரேக்கர் வைத்து உடைக்க வேண்டும். குழிக்குள் 'ஸ்டப்' என்னும் கால் துண்டுகளை நிறுத்தி, நான்கையும் டெம்ப்ளேட் சட்டத்தில் பூட்டி, மட்டமும் மூலைவிட்டமும் சாய்வும் சரிபார்ப்பார்கள். ஒரு ஸ்டப் சில மில்லிமீட்டர் விலகினாலும், மேலே போகப் போகத் துளையோடு துளை சேராது. சேராத துளையில் போல்ட்டைச் சம்மட்டியால் அடித்து ஏற்றும் கேங் உண்டு; அந்த இடத்தில் எஃகின் மேல் பூசிய துத்தநாகம் பெயர்ந்து துரு பிடிக்கத் தொடங்கும். கான்கிரீட்டை இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் போட வேண்டும். பிறகு குறைந்தது இரண்டு வாரம் நீராற்றிய பின்பே கோபுரம் ஏற்றலாம். கோடையில் தண்ணீர் டேங்கர் வர வேண்டிய இந்த வறண்ட காட்டில், செலவைக் குறைக்க நினைப்பவர் கை வைக்கும் முதல் இடம் இந்த நீராற்றுதலே. கட்டி முடித்தபின் அந்தக் குறையைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

கோபுரம் ஏற்றுபவர்களில் பலர் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பீகார்க்காரர்கள். பனியன் கம்பெனிக்கு வரும் அதே ரயில்களில் வந்து, ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் தங்கி, வேலை நகரும்போது கூடவே நகர்கிறார்கள். எண் குத்திய எஃகுத் துண்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி, டெரிக் கம்பத்தில் கயிறு கட்டி ஒவ்வொன்றாக மேலே இழுப்பார்கள். மேலே இருப்பவர்கள் துளையைச் சேர்த்துப் போல்ட் மாட்டுவார்கள். ஒரு தட்டு முடிந்ததும் டெரிக் அடுத்த தட்டுக்கு ஏறும். உடல் முழுதும் பிணைக்கும் பெல்ட்டில் இரண்டு கொக்கிகள் இருக்கும். ஒன்றைக் கழற்றும்போது மற்றது மாட்டியிருக்க வேண்டும். கூலி டன் கணக்கில் பேசப்பட்டிருந்தால், இரண்டாவது கொக்கியை மாட்டும் நேரம் கூலியில் கழிகிறது. பாதுகாப்பு வகுப்பு எத்தனை எடுத்தாலும் இந்தக் கணக்கை மாற்றாமல் விபத்து குறையாது. முடிந்த கோபுரத்தின் கீழ்ப்பகுதி போல்ட்டுகளைத் திருடர் கழற்ற முடியாதபடி பற்றவைத்து, ஏறவிடாமல் முள்கம்பி சுற்றி, அபாயப் பலகை மாட்டுகிறார்கள்.

கம்பி இழுப்பதில் விதி ஒன்றுதான்: கம்பி தரையில் உரசக்கூடாது. ஒரு கீறல் விழுந்தாலும் உயர் அழுத்தத்தில் அந்த இடம் சீறும். அதனால் ஒரு முனையில் புல்லரும் மறுமுனையில் டென்ஷனரும் வைத்து, கப்பிகளின் மேல் அந்தரத்திலேயே ஓட்டுகிறார்கள். நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் இருபுறமும் சாரம் கட்டி வலை விரிப்பார்கள். முக்கியச் சாலைக்கும் ரயில் பாதைக்கும் மேலே கம்பியில் இணைப்பு வரக்கூடாது. பிறகு தொய்வு. 400 மீட்டர் இடைவெளியில் மூஸ் கம்பி 11 மீட்டர் அளவுக்குத் தொங்கும். கம்பியின் சூட்டைத் தெர்மாமீட்டரில் பார்த்து, அதற்குரிய அட்டவணைப்படி இழுவையை அமைக்க வேண்டும். குளிர்ந்த காலையில் பார்வைக்குச் சரியாகத் தெரிந்த தொய்வு, சித்திரை வெயிலில் முழுச் சுமையும் ஓடும்போது இன்னும் இறங்கும். அப்போதும் 400 கே.வி. கம்பி தரையிலிருந்து 8.84 மீட்டருக்குக் கீழே வரக்கூடாது.

மின்னேற்றிய பாதைக்குப் பராமரிப்புதான் உயிர். பாதையோரமாக நடந்து உடைந்த டிஸ்க் இன்சுலேட்டர், தளர்ந்த ஜம்பர் கம்பி, பறவைக்கூடு, உயர்ந்துவிட்ட தென்னை ஆகியவற்றைக் குறித்து வருவார்கள். சூடேறிய இணைப்பை வெப்பக் கேமரா காட்டிக்கொடுக்கும். கோடை மழைக்கு முன் வீசும் சூறைக்காற்றில் பறக்கும் தென்னை மட்டைதான் தாழ்ந்த பாதைகளுக்கு வழக்கமான எதிரி.

கம்பியில் கை வைப்பதற்கு முன் வாங்க வேண்டியது 'எல்.சி.' என்கிற லைன் கிளியர். துணை மின் நிலையத்தில் சர்க்யூட் பிரேக்கரைத் திறந்து, ஐசொலேட்டரைப் பிரித்துப் பூட்டி, எர்த் சுவிட்ச் போட்டு, எழுத்தில் பதிந்து, எண்ணோடு கொடுக்கிறார்கள். அத்துடன் கம்பி செத்துவிட்டது என்று நம்பக்கூடாது. இரட்டைப் பாதைக் கோபுரத்தில் ஒரு பக்கம் நிறுத்தினாலும், ஓடிக்கொண்டிருக்கும் மறுபக்கம் நிறுத்திய கம்பியில் மின்சாரத்தைத் தூண்டும். ஆகவே சோதித்துப் பார்த்து, வேலை செய்யும் இடத்தின் இருபுறமும் எர்த் ராடு மாட்டிய பிறகே ஏற வேண்டும். பகிர்மானப் பாதைகளில் திருப்பூருக்கே உரிய அபாயம் ஒன்று சேர்கிறது. மின்வெட்டு கடுமையாக இருந்த 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சின்ன கம்பெனிகள்கூட ஜெனரேட்டர் வாங்கின. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பழுதாகியிருந்தாலோ, அதைத் தவிர்த்து இணைத்திருந்தாலோ, ஜெனரேட்டரின் 415 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வழியாகப் பின்னோக்கி ஏறி 22,000 வோல்ட்டாகிக் கம்பிக்கு வரும். நிலையத்தில் எல்லாம் பூட்டியிருக்கும். மேலே இருப்பவர் அடிபடுவார். மாதாந்திரப் பராமரிப்பு என்று செய்தித்தாளில் ஊர்ப்பெயர்கள் வரும் நாளில் ஜெனரேட்டரை ஓட்டும் ஒவ்வொரு கம்பெனியும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்.சி. வாரிய ஊழியர் பெயரில்தான் தரப்படும். ஒப்பந்தத் தொழிலாளிக்கோ அவருடைய மேஸ்திரிக்கோ அதை வாங்கும் உரிமை இல்லை. ஏறுபவர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். கையெழுத்திட்டவர் வேலை நடக்கும் இடத்திலேயே இருந்து, முடிந்ததும் ஆட்களை எண்ணி இறக்கி, எர்த் ராடுகளையும் எண்ணி எடுத்த பிறகே எல்.சி.யைத் திருப்பித் தர வேண்டும். போனில் கேட்டுத் திருப்புவது விதிமீறல். அதன் பிறகுதான் எர்த் சுவிட்சைத் திறந்து, ஐசொலேட்டரைச் சேர்த்து, கடைசியாகப் பிரேக்கரைப் போடுகிறார்கள்.