நீலச் சட்டை நுழையாத வீடு

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது மார்த்தா எல்லனுக்கு எட்டு வயது. மிசௌரி மாநிலத்தின் ஜாக்சன் கவுண்டியில் அவள் அப்பா சாலமன் யங்குக்குப் பெரிய பண்ணை. அடிமைகளும் இருந்தார்கள். சண்டையில் மிசௌரி ஒரு பக்கமாகச் சாயவில்லை. அடிமை முறை இருந்த மாநிலம்தான், ஆனாலும் வடக்கை விட்டுப் பிரியவில்லை. அதனால் ஒரே ஊரில், ஏன், ஒரே வீட்டில்கூட இரண்டு கட்சி!

யங் குடும்பமும் அப்படித்தான். சாலமன் வடக்குக்கு விசுவாசம் சொல்லி உறுதிமொழி எடுத்துக்கொண்டவர். அவர் மருமகனோ தெற்கு ஆதரவுக் கொரில்லாக்களோடு குதிரையேறியவர். சாலமனின் உறுதிமொழி பண்ணையைக் காப்பாற்றவில்லை.

அந்த வருடமே கன்சாஸிலிருந்து ஜிம் லேனின் வடக்குப் படை வந்து இறங்கியது. சாலமன் ஊரில் இல்லை. 400-க்கும் மேற்பட்ட பன்றிகளைச் சுட்டுத் தள்ளினார்கள். தொடைக்கறியை மட்டும் அறுத்துக்கொண்டு மிச்சத்தை அழுகவிட்டார்கள். மார்த்தாவின் அம்மா ஹேரியட், கை கொப்பளிக்கும் வரை அவர்களுக்கு ரொட்டி சுட்டுப் போட வேண்டியிருந்தது. போகும்போது களஞ்சியத்துக்கும் தீ வைத்தார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

1863 ஆகஸ்ட் 21. குவாண்ட்ரில் தலைமையிலான தெற்குக் கொரில்லாக்கள் கன்சாஸின் லாரன்ஸ் நகருக்குள் புகுந்து, சுமார் 150 ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றார்கள். நான்கே நாளில் வடக்குத் தளபதி தாமஸ் ஈவிங் 11-ம் எண் உத்தரவைப் போட்டார். எல்லையோரக் கவுண்டிகளில் கிராமத்தில் குடியிருப்பவர்கள் 15 நாட்களுக்குள் வெளியேற வேண்டும். விசுவாசத்தை நிரூபித்தவர்கள் ராணுவ முகாம்களுக்கு அருகே போய்த் தங்கலாம், சொந்த வீட்டில் இருக்க முடியாது. கொரில்லாக்களுக்குச் சோறு போடுவது இந்தப் பண்ணைகள்தான் என்பது காரணம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

மாட்டு வண்டியில் ஏற்றியதுதான் மிச்சம். வண்டிக்குப் பின்னால் புழுதியில் நடந்த பத்து வயதுச் சிறுமி மார்த்தா அதைச் சாகும்வரை மறக்கவில்லை. காலியான வீடுகள் எரிந்தன. புகைபோக்கிகள் மட்டும் நின்றன. அந்தப் பகுதிக்கு 'எரிந்த மாவட்டம்' என்றே பெயர் வந்தது.

போர் 1865-ல் முடிந்தது. வீட்டுக்குள் முடியவில்லை. 1905-ல் பேரன் தேசியக் காவல் படையில் சேர்ந்து, நீலச் சீருடையில் பாட்டி ஹேரியட்டைப் பார்க்க ஆசையோடு போனான். போருக்குப் பிறகு இந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் நீல உடுப்பு இதுதான், இனி இதைப் போட்டுக்கொண்டு வராதே என்று சொல்லிவிட்டாள் பாட்டி.

அந்தப் பேரன்தான் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹாரி ட்ரூமன். 1945-ல் 92 வயது அம்மா மார்த்தா வெள்ளை மாளிகைக்கு வந்தார். லிங்கன் கட்டிலில் படுப்பதைவிடத் தரையில் படுப்பேன் என்றாராம்!

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதே பண்ணையில், சொந்தமாக ஒரு பன்றிகூட இல்லாமல், தாங்களே இன்னொருவர் சொத்தாக இருந்தவர்களின் கதை அந்த வீட்டில் இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படவில்லை.

மார்த்தா 1947-ல் காலமானார். அடுத்த வருடம் ஜூலை 26 அன்று, ராணுவத்தில் கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் சமமான நடத்தை வேண்டும் என்ற உத்தரவில் மகன் கையெழுத்திட்டார். அம்மா சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான். அந்தக் கோபத்தை அவர் அரசாங்க நாற்காலிக்குக் கொண்டுபோகவில்லை.