தூங்கியது பாகிஸ்தானில்... விழித்தது இந்தியாவில்! - துர்துக் கிராமத்தின் கதை

ஊரைவிட்டு ஓர் அடிகூட நகராமல் நாடு மாற முடியுமா? லடாக்கின் துர்துக் கிராம மக்களுக்கு அது நடந்திருக்கிறது.

லே நகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். 17,000 அடிக்கும் மேல் உயரமுள்ள கர்துங் லா கணவாயில் ஏறி இறங்கி, நுப்ரா பள்ளத்தாக்கு வழியாக ஷியோக் நதியை ஒட்டியே போக வேண்டும். மொட்டைப் பாறைகளையே பார்த்து வந்த கண்களுக்கு, திடீரென பச்சைப்பசேல் என்று பார்லி வயல்களும் ஆப்ரிகாட் மரங்களும் தெரியும். அதுதான் துர்துக்!

இங்குள்ளவர்கள் பால்டி இன மக்கள். பேசுவது திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த பால்டி மொழி, பின்பற்றுவது இஸ்லாம். ஒருகாலத்தில் பால்டிஸ்தானின் யாப்கோ மன்னர்கள் ஆண்ட பூமி இது. அந்த வம்சத்தின் பழைய வீடு இப்போது சிறிய அருங்காட்சியகமாக இருக்கிறது.

1947-48 போருக்குப் பிறகு இந்த ஊர் பாகிஸ்தான் வசம் போனது. 1971 டிசம்பர் போரில் மேஜர் சேவாங் ரிஞ்சன் தலைமையிலான லடாக் ஸ்கௌட்ஸ் வீரர்கள் துர்துக், தியாக்ஷி, சலுங்கா, தாங் ஆகிய நான்கு கிராமங்களைக் கைப்பற்றினார்கள். அதற்காக ரிஞ்சனுக்கு இரண்டாவது முறையாக மகாவீர் சக்ரா விருது கிடைத்தது.

ஆனால், வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஸ்கர்டு, லாகூர் என்று போயிருந்தவர்கள் போனவர்கள்தான். கணவன் அங்கே, மனைவி இங்கே. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. கடைசி கிராமமான தாங்கிலிருந்து பார்த்தால் எல்லைக்கு அப்பால் உள்ள ஊர் கண்ணுக்குத் தெரியும். ஆனால், அங்கு போக விசா வாங்கி, வாகா எல்லை வழியாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அதுவும் இரு நாட்டு உறவு சுமுகமாக இருந்தால்தான்!

2010-ல்தான் சுற்றுலாப் பயணிகளுக்கு இந்த ஊரின் கதவு திறந்தது. இன்று பல வீடுகளில் தங்கும் வசதி உண்டு. மரப்பாலத்தைக் கடந்து நடந்தால், கற்களை அடுக்கிக் கட்டிய சிறு அறைகளைப் பார்க்கலாம். கல் இடுக்குகளில் வரும் குளிர்காற்றில் வெண்ணெய், இறைச்சி எல்லாம் கெடாமல் இருக்கும். கரன்ட் இல்லாத ஃப்ரிட்ஜ்!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி துர்துக்கில் மூவாயிரத்துச் சொச்சம் பேர். அந்தக் கணக்கில் வராத சொந்தங்களும் இந்த ஊருக்கு உண்டு. இன்று அவர்களில் சிலரை வாட்ஸ்அப் வீடியோ காலில் முகம் பார்த்துப் பேச முடிகிறது. ஒரே ஊரில் பிறந்தவர்களுக்கு இப்போதைக்குக் கிடைத்திருப்பது அவ்வளவுதான்.