கடல் போன ஊருக்கு ஒரு குட்டி கார் ஹனிமூன்!

ஹனிமூன்னா உங்க மனசுல என்ன ஓடும்? ஊட்டி போட்டிங், கொடைக்கானல் பனி, கையில் காசு இருந்தா மாலத்தீவு. எங்க பெரியப்பா மகளுக்கு மட்டும் பிரான்ஸ்! குட்டியூண்டு காரை வாடகைக்கு எடுத்து, ஊர் ஊரா நிறுத்தி, பிடிச்ச இடத்துல தங்கி... காலேஜ் நாள்லேயே மேப் போட்டு வெச்சிருந்தாங்க. கடைசியில் கிடைச்சது திருநெல்வேலியில் ஒரு வாடகை ஆல்டோ. அதுவும் ஒரே ஒரு நாளைக்கு! காரணம், அத்தான் கப்பல் இன்ஜினீயர். கல்யாணமாகி பன்னிரண்டாம் நாள் கிளம்பணும். திரும்ப ஆறு மாசம் ஆகும்.

"சரி, ஆத்தோடயே போவோம், கொற்கை வரைக்கும்"னு அக்காவே ரூட் போட்டாங்க. பின் சீட்டில் நான். வழிகாட்டின்னு பேரு, உண்மையில் அல்வா டப்பாவுக்குக் காவல். ஆறடி அத்தான் சீட்டைப் பின்னால தள்ளின தள்ளுல என் முட்டி என் தாடையைத் தொட்டுச்சு. முன்னாடி ரெண்டு பேரும் பேசவே இல்ல. நிச்சயத்துக்கு முன்னாடி பழக்கமில்லாத ஜோடி பாஸ், என்னத்தைப் பேச?

நீங்க போறதா இருந்தா பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஏரல்னு போங்க. ஆதிச்சநல்லூரில் தோண்டின குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டு, 2023-ல் ஒரு காட்சியகம் திறந்திருக்காங்க. காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள்! "ஹனிமூனுக்குச் சுடுகாடா?"ன்னு அத்தான் கேட்க, அன்னிக்கு அக்கா முதல் தடவையா சிரிச்சாங்க. அதுக்கப்புறம் ஸ்ரீவைகுண்டத்தில் பாலத்தைத் தாண்டினா வயலும் வாழையும்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் மாட்டிக்கிட்டது இந்த ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில்தான். இப்ப ஆத்தைப் பார்த்தா அப்பாவி மாதிரி இருக்கு. நம்பாதீங்க. இந்த ஆறுதான் ஒரு துறைமுகத்தையே முழுங்கியிருக்கு.

கொற்கை பாண்டியரோட முத்துத் துறைமுகம். சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னாடி கிரேக்க மொழியில் எழுதின 'எரித்திரேயக் கடல் பெரிப்ளூஸ்'ல 'கொல்கோய்'னு வர்ற ஊர் இதுதான். முத்துக் குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினாங்கன்னு அதுல இருக்கு. முத்து மாலை வாங்குறப்ப இது ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல.

அப்புறம் என்னாச்சு? நம்ம ஹைட்ராலிக்ஸ் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வியா வருமே, அதேதான். மலையிலிருந்து வண்டலை அள்ளிட்டு வர்ற ஆறு சமதளத்துல வேகம் குறைஞ்சதும் வாய்கிட்டயே கொட்டும். வருஷா வருஷம் கொட்டக் கொட்ட, கரை கடலுக்குள்ள நடந்து போயிடும். கொற்கை உள்ளூர் ஆனதும் வியாபாரம் பழையகாயலுக்குப் போச்சு. மார்க்கோ போலோ சொன்ன 'காயல்' அதுதான்னு கால்டுவெல் சொல்றார். அங்கேயும் மண் சேர, புன்னைக்காயல், அப்புறம் தூத்துக்குடி. பிரான்ஸிலும் ஏக்மோர்த்னு ஒரு ஊர் இருக்கு. 1248-ல் ஒன்பதாம் லூயி சிலுவைப் போருக்குக் கப்பலேறின துறைமுகம், இப்ப கடலை விட்டு சில கிலோமீட்டர் தள்ளி நிக்குது. அங்கே கோட்டைச் சுவர் அப்படியே இருக்கிறதால டூரிஸ்ட் கூட்டம். கொற்கையில் சுவர் இல்ல. கூட்டமும் இல்ல.

இருக்கிறது ஒரு குளம், வெற்றிவேல் அம்மன் கோயில், வயலுக்கு நடுவுல அக்கசாலைப் பிள்ளையார், பக்கத்து வெயிலையெல்லாம் வாங்கிக்கிட்டு நிக்கிற ஒரு கிழட்டு வன்னி மரம். அக்கசாலைன்னா நாணயம் அடிக்கிற இடம், அது பிள்ளையார் பேருல ஒட்டிக்கிட்டு மிச்சம் இருக்கு. 1968-ல் தொல்லியல் துறை தோண்டினப்ப கிடைச்ச கரித்துண்டுக்குக் கணிச்ச காலம் கி.மு. 785. 2021-ல் திரும்பத் தோண்டி, ஒன்பது அடுக்காப் பொருத்தின சுடுமண் குழாய் ஒண்ணு எடுத்தாங்க. மேலே வீடும் வயலும் இருக்க, முழுசாத் தோண்ட முடியாதுதான். ஆனா வெளியூர்க்காரன் வந்தா, இந்த மண்ணுக்கடியில என்ன இருக்குன்னு காட்ட உருப்படியா ஒரு இடம் வேண்டாமா? எனக்கு இதுல கோபமே வந்துச்சு.

மரத்தடியில் ஒரு பாட்டி. அக்கா போய் உட்கார்ந்து, "பாட்டி, கடல் எங்க?"ன்னு கேட்டாங்க.

"கடலா? அது போயி எந்தக் காலம் ஆச்சு தாயி. ஆறேழு கிலோமீட்டர் போகணும்."

"திரும்பி வருமா?"

"வந்தா, நாம எங்க போயி இருக்க?"

நான் சிரிச்சேன். அவங்க ரெண்டு பேரும் சிரிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு அத்தான் மெதுவா, தன் கப்பல் எந்தெந்தத் துறைமுகத்துல எத்தனை நாள் நிக்கும், எங்கிருந்தெல்லாம் போன் எடுக்கும்னு சொல்ல ஆரம்பிச்சார். அக்கா மரத்து நிழல்ல குச்சியால மண்ணுல கோடு போட்டுப் போட்டு தேதி குறிச்சாங்க. நான் அல்வா டப்பாவோட குளக்கரைக்கு நழுவிட்டேன். இங்கிதம்னு ஒண்ணு இருக்குல்ல?

அரை மணி நேரம் கழிச்சுத்தான் ஹார்ன் சத்தம் கேட்டுச்சு. அங்கிருந்து நேரா புன்னைக்காயல். இப்போ ஆறு கடல்ல சேர்ற இடம். நீங்க சாயங்காலமாப் போங்க, படகெல்லாம் கரையில் நிக்கும். கொற்கையில் ஹோட்டல் தேடி அலையாதீங்க, ஏரல்லேயே சாப்பிட்டுக் கிளம்புங்க. பின் சீட்டுக்கு ஆள் கூட்டிட்டுப் போறதா இருந்தா, கொஞ்சம் குள்ளமான ஆளாப் பாருங்க!