ஓரியின் அம்பும் தோட்டத்துத் தோட்டாவும்

தமிழ் பயின்றார் செவியில் தன்மை ஒருமையாய் ஒலிக்கும் ஊர்ப்பெயர் யான். கடாரம் என நம் முன்னோர் வழங்கிய கெடாவில், 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலைக்கும் கடலுக்கும் இடையே கிடக்கிறது அவ்வூர். இப்பகுதித் தோட்டங்களில் இளங்கன்றுகளைக் கிளறியெறியும் காட்டுப்பன்றி தமிழர்க்குப் பழம்பகை. வாய்த்தால் விருந்தும் அதுவே.

உரிமம் பெற்றோர் அதற்கெனத் தூக்கியது பெரும்பாலும் 12 போர் துப்பாக்கி. ஓர் இராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றில் ஒன்று சரியாக நுழையும் குழல் என்பது அவ்வெண்ணின் பொருள். குழல் ஒன்றாயினும் தோட்டா பலவகை. ஆங்கிலேயர் அளவையில் ஆறாம் எண் ரவை ஓர் அவுன்சுக்கு 270, எஸ்.ஜி. ரவையோ எட்டே எட்டு. முன்னது புறாவுக்கு, பின்னது பன்றிக்கு. மாறிப் போயின் பொடிரவை தோலிலும் கொழுப்பிலும் தங்கிவிடும். புண்பட்ட பன்றி புதரில் பதுங்கி, தேடி வருபவனின் தொடையைக் கோரைப்பல்லால் கிழிக்கும். உயிர் பிரியாமல் இரவெல்லாம் அது படும் வேதனையை யார் எண்ணிப் பார்க்கிறார்?

அவ்வாறாயின், எதற்கும் பெரிய குண்டே போதாதா? தென்னிந்தியக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடியலைந்த கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர் ரைபிள் ஏறத்தாழ 19 கிராம் குண்டை எறிந்தது. ஈயமுனை திறந்த குண்டு உடலுள் விரிந்து தங்கும். உலோக உறை முழுதும் போர்த்தது விரியாமல் ஊடுருவும். யானையின் மண்டையோட்டுக்கு ஊடுருவல் வேண்டும். பன்றிக்கு அது மிகை.

வன்பரணர் புறநானூற்றில் (152) பாடிய வல்வில் ஓரியின் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றைத் துளைத்து உடும்பில் தங்கியது. வகுப்பறையில் அது வில்லாண்மை. தோட்டத்திலோ, பன்றிக்கு அப்பால் வைகறையிலேயே நெற்றி விளக்கோடு பால்மரம் சீவுவோர் நிற்பர். ரைபிள் குண்டு குறி தவறின் கிலோமீட்டர்க் கணக்கில் பறக்கும். எஸ்.ஜி. ரவை விரைவில் வலுவிழக்கும். ஆதலின் சுடுவோன் முப்பது நாற்பது தப்படிக்குள் நெருங்கி, நிற்பது விலங்கே எனக் கண்டு சுட வேண்டியவனாகிறான். அந்த நெருக்கமே பிறர்க்குக் காப்பு.

இன்று 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பன்றி வேட்டைக்கும் உரிமம் தேவை. கைதேர்ந்தவர் பொடிரவைத் தோட்டாவையும் எஸ்.ஜி.யையும் ஒரே பையில் இடுவதில்லை. இருளில் விரலால் தடவி எடுக்கையில் இரண்டின் உருவமும் ஒன்றே.