சர்வரின் பெயர்ப்பலகை

பிரெஞ்சுக்காரங்க ஆட்சி 1954-ல் முடிஞ்சும், ஒயிட் டவுன் தெருப் பலகைகளில் 'ரூ' இன்னும் இருக்கு. ஊருக்கு அது அழகு. சர்வர் பலகை பழசானா ஆபத்து.

லாகின் பண்ணதும் மேலே சில வரிகள் வருமே, அதுதான் அந்தப் பலகை: 'மெசேஜ் ஆஃப் தி டே'. படிச்சிருக்கீங்களா?

பழைய டெபியனில், மெஷின் பூட் ஆகும்போது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் கெர்னல் விவரத்தை அதில் எழுதிடும். வேற கெர்னலுக்கு மாற எப்படியும் ரீபூட் பண்ணணும். அதனால் ஒரு தடவை எழுதினா போதும்.

டிஸ்க் இடம் அப்படியில்லை. அதையும் பூட்டிலேயே எழுதினா, மூணு மாசம் அணைக்காத சர்வர் மூணு மாசப் பழைய கணக்கைச் சொல்லும். 'பாதி காலி'ன்னு நம்பி ப்ராஜெக்டை சேவ் பண்ணுவீங்க, இடம் இருக்காது.

உபுண்டுவில் இதுக்குன்னே 'அப்டேட்-எம்ஓடிடி.டி' ஃபோல்டர் இருக்கு. அதிலுள்ள ஸ்கிரிப்டுகள் 00, 10, 50னு எண் வரிசையில் ஒவ்வொரு லாகினுக்கும் ஓடும். ஃபைல் பேரில் புள்ளி வைக்காதீங்க, வச்சா ஓடாது. ஓடறது ரூட் உரிமையில். அங்கே யாரெல்லாம் எழுதலாம்னு முதலில் பாருங்க.

நான் எழுதறது ஒரே வரிதான்: 'டிஎஃப்'. எனக்கு வேண்டியது இன்னைக்குக் கணக்கு மட்டும்தான்.